ஐ.நா. தீர்மானம் பரங்கிப்பேட்டைக்கு வரும் வழி
வாசகர் கேள்வி – பதில்

பிப்ரவரி 12, வன்முறைத் தீவிரவாதத்தைத் தடுப்பதற்கான ஐ.நா. நாள். 2023 முதல் கடைப்பிடிக்கிறார்கள். இதையொட்டிக் கடலூர், புதுச்சேரி வட்டார வாசகர்களிடம் கேள்விகள் கேட்டிருந்தோம். 'உலகம் என்ன செய்கிறது' என்று கேட்டவர்கள் குறைவு. 'என் பணம் ஏன் நின்றது', 'இந்தப் படிவத்தை ஏன் நிரப்ப வேண்டும்' என்று கேட்டவர்களே அதிகம். அதுவும் சரிதான். நியூயார்க்கில் கைதூக்கி நிறைவேற்றும் தீர்மானம் நம் ஊருக்கு ஒரு படிவமாகத்தான் வந்து சேர்கிறது.

கேள்வி: என் கணவர் சிங்கப்பூரிலிருந்து மாதாமாதம் அனுப்பும் பணம் இந்த முறை வங்கியில் நின்றுவிட்டது. 'பெயர் ஒத்துப்போகிறது, மேலிடத்தில் பார்க்கிறார்கள்' என்கிறார்கள். யார் பெயரோடு ஒத்துப்போகிறது? நாங்கள் என்ன தப்பு செய்தோம்?
— குடும்பத் தலைவி, பரங்கிப்பேட்டை

பதில்: தப்பு எதுவும் இல்லை அம்மா. 1999-இல் ஐ.நா. பாதுகாப்பு அவை 1267 என்ற தீர்மானத்தைக் கொண்டுவந்தது. அதன் வழியில் அல்-காய்தா, ஐ.எஸ். தொடர்புடையவர்களுக்கென ஒரு பட்டியல் இருக்கிறது. அதில் பெயர் ஏறியவரின் சொத்தை முடக்க வேண்டும், அவரைப் பயணம் செய்ய விடக்கூடாது, அவருக்கு ஆயுதம் விற்கக்கூடாது. எல்லா நாடுகளும் இதற்குக் கட்டுப்பட்டவை. அதனால் அனுப்புபவர், பெறுபவர் இருவர் பெயரையும் வங்கிக் கணினி அந்தப் பட்டியலோடு ஒவ்வொரு முறையும் ஒப்பிடுகிறது.

சிக்கல் எழுத்துக்கூட்டலில் தொடங்குகிறது. முஹம்மது என்ற ஒரே பெயரை ஆங்கிலத்தில் பத்து விதமாக எழுதலாம். எழுத்தை மாற்றித் தப்பித்துவிடக்கூடாது என்பதற்காகக் கணினியையே கொஞ்சம் தளர்வாகப் பொருத்தச் சொல்லி வைத்திருப்பார்கள். நம் தமிழ்ப் பெயர் வழக்கு இன்னும் குழப்பும். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, முன்னெழுத்துதான். இங்கே முன்னெழுத்தாக இருப்பது அங்கே தகப்பனார் பெயராக விரிந்து கடைசியில் ஒட்டிக்கொள்ளும். கடவுச்சீட்டில் ஒரு வரிசை, வங்கிக் கணக்கில் ஒரு வரிசை, வேலை அனுமதி அட்டையில் ஒரு வரிசை என்று ஆனபின், எங்கோ பிறந்த யாரோ ஒருவரின் மாற்றுப் பெயரோடு உரசிவிடும்.

முதலில் வங்கியில் ஒன்றைத் தெளிவாகக் கேளுங்கள்: பணம் சரிபார்ப்புக்காக நிறுத்தப்பட்டிருக்கிறதா, அல்லது சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டம் 51ஏ பிரிவின்படி முடக்கப்பட்டிருக்கிறதா? இரண்டும் வெவ்வேறு. பெரும்பாலும் முதல் வகைதான். அதற்கு உங்கள் கணவரின் கடவுச்சீட்டுப் பக்க நகல், பிறந்த தேதி, பிறந்த ஊர், உறவுமுறை, பணம் எதற்கு என்ற ஒரு வரி ஆகியவற்றை எழுத்தில் கொடுங்கள். ஐ.நா. பட்டியலில் பெயரோடு பிறந்த தேதி, இடம், கடவுச்சீட்டு எண் போன்றவையும் தெரிந்த அளவுக்குக் குறிக்கப்பட்டிருக்கும். பிறந்த தேதியும் ஊரும் வேறானாலே பெரும்பாலும் ஐயம் தீர்ந்துவிடும். தீர்ந்த பிறகு, 'இந்த வாடிக்கையாளர் சரிபார்க்கப்பட்டவர்' என்று பதிவு செய்யச் சொல்லுங்கள். இதைச் சொல்லாமல் வந்துவிட்டால் அடுத்த மாதமும் இதே கதைதான்.

இந்த நேரத்தில் பலர் செய்யும் தவறு, பணத்தைச் சிறு துண்டுகளாக்கி நண்பர்கள் கணக்கு வழியே அனுப்புவது. அதுவரை இல்லாத சந்தேகத்தை அதுவே உண்டாக்கும். உண்டியலில் அனுப்புவது அதைவிட மோசம். அது சட்டப்படி குற்றம், பணம் போனால் கேட்கவும் நாதி இல்லை.

உண்மையிலேயே முடக்கப்பட்டு, நீங்கள் அந்த ஆள் இல்லை என்றால் அதற்கும் வழி இருக்கிறது. 2021 பிப்ரவரி 2-ஆம் தேதி உள்துறை அமைச்சக உத்தரவின்படி ஆதாரங்களோடு வங்கியிடமே விண்ணப்பிக்க வேண்டும். வங்கி 2 வேலை நாளில் அதை மத்திய பொறுப்பு அதிகாரிக்கு அனுப்ப வேண்டும். ஆள் வேறு என்று உறுதியானால் 15 வேலை நாளுக்குள் விடுவிப்பு உத்தரவு வர வேண்டும். விண்ணப்பம் கொடுத்த தேதியோடு கூடிய ஒப்புகையை வாங்காமல் கவுன்டரை விட்டு நகராதீர்கள். வங்கிக்குரிய அந்த 2 நாள் அந்தத் தேதியிலிருந்துதான் கணக்கு.

ஐ.நா. பட்டியலிலேயே தவறாக ஏறியவருக்கு முதல் பத்தாண்டு காலம் முறையிட ஒழுங்கான இடமே இல்லை. காதி என்ற சவூதி தொழிலதிபரின் வழக்கில் 2008-இல் ஐரோப்பிய நீதிமன்றம் குட்டு வைத்தது. அதன் பிறகே, 2009-இல், 1904-ஆம் தீர்மானத்தின் வழியே குறைகேட்பு அதிகாரி என்ற பதவி வந்தது. காதியின் பெயர் 2012-இல் நீக்கப்பட்டது.

கேள்வி: தீவிரவாதம், பயங்கரவாதம் என்று பத்திரிகைகள் மாற்றி மாற்றி எழுதுகின்றன. உலக நாடுகள் எதைத்தான் பயங்கரவாதம் என்கின்றன?
— கல்லூரி மாணவர், லாஸ்பேட்டை

பதில்: எல்லோரும் ஒப்புக்கொண்ட வரையறை இன்றுவரை இல்லை. இந்தியா 1996-இல் ஒரு முழுமையான உடன்படிக்கைக்கு வரைவு கொடுத்தது. விடுதலைப் போராளி யார், அரசுப் படைகள் செய்தால் அது எதில் சேரும் என்ற இரண்டு கேள்விகளில் அது சிக்கி நிற்கிறது. ஆகவே உலகம் ஆளை விட்டுவிட்டுச் செயலைப் பிடித்தது. விமானக் கடத்தல் 1970, பிணைக்கைதி பிடித்தல் 1979, கப்பல் 1988, வெடிகுண்டு 1997, நிதி 1999, அணுப்பொருள் 2005 என்று தனித்தனி ஒப்பந்தங்கள், மொத்தம் 19 ஆவணங்கள். யார் என்பதை விட்டு என்ன செய்தார் என்பதைக் கேட்டதால்தான் இவ்வளவாவது நடந்தது.

தீவிரமான கருத்து வைத்திருப்பது குற்றம் அல்ல. அந்தக் கருத்துக்காக வன்முறையை ஏற்பதும் தூண்டுவதும்தான் 'வன்முறைத் தீவிரவாதம்'. 2006-இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற உலகளாவிய உத்திக்கு நான்கு தூண்கள் உண்டு. பயங்கரவாதம் பரவ இடம் தரும் சூழலைச் சரிசெய்வது, தடுத்துப் போரிடுவது, நாடுகளின் திறனை வளர்ப்பது, மனித உரிமையைக் காப்பது. காசும் கவனமும் இரண்டாவது தூணுக்கே போயின. அதைச் சமன்செய்யத்தான் பான் கீ-மூன் 2016 ஜனவரியில் 70-க்கும் மேற்பட்ட பரிந்துரைகளோடு ஒரு செயல்திட்டத்தை வைத்தார். ஆனால் அந்தத் திட்டமும் வன்முறைத் தீவிரவாதம் என்றால் என்ன என்பதை அந்தந்த நாட்டுக்கே விட்டுவிட்டது. தன்னை விமர்சிப்பவரை எல்லாம் தீவிரவாதி என்று சொல்ல நினைக்கும் அரசுக்கு அந்த ஓட்டை போதும்.

கேள்வி: என் மகனுக்கு 16 வயது. ராத்திரி முழுக்க வன்முறை வீடியோ. ஒரு கூட்டத்தாரைப் பற்றிப் பேசினால் 'அவங்க எல்லாம் மனுஷங்களே இல்ல' என்கிறான். போலீஸில் சொல்லலாமா, வேண்டாமா? பயமாக இருக்கிறது.
— தாயார், நெல்லிக்குப்பம்

பதில்: முதலில் ஒன்று. எந்த மதம், எந்தச் சாதி, எவ்வளவு படிப்பு என்று பார்த்து ஆளைக் கணிக்கும் அளவுகோல் எதுவும் உலகில் தேறவில்லை. 2011 ஜூலை 22 அன்று நார்வேயில் 77 பேரைக் கொன்றவன் அந்த நாட்டு வெள்ளை இளைஞன்தான். ஐ.நா. வளர்ச்சித் திட்டம் ஆப்பிரிக்காவில் இத்தகைய குழுக்களில் சேர்ந்தவர்களிடமே கேட்டது. 2017 அறிக்கையில் 71 சதவீதம் பேர், தங்களைத் தள்ளிவிட்ட கடைசி நிகழ்வு அரசின் நடவடிக்கை என்றார்கள். உறவினர் கொல்லப்பட்டது, நண்பர் கைதானது போன்றவை. 2023 அறிக்கையில் வேலையின்மையை முதற்காரணமாகச் சொன்னவர்கள் 25 சதவீதம், மதத்தைச் சொன்னவர்கள் 17 சதவீதம்.

அதனால் மகனின் நம்பிக்கையைப் பார்க்காதீர்கள், மாற்றத்தைப் பாருங்கள். பழைய நண்பர்களை ஒரேயடியாக வெட்டிவிட்டானா? இன்னொரு ரகசியக் கணக்கு, இன்னொரு சிம் இருக்கிறதா? முகம் தெரியாத 'அண்ணன்' ஒருவர் தினமும் பேசுகிறாரா? பணம் போகிறதா, வருகிறதா? 'மனுஷங்களே இல்ல' என்ற சொல்லைச் சாதாரணமாக எடுக்காதீர்கள். ஆளைக் கொல்வதற்கு முன் அவனை மனிதன் இல்லை என்று ஆக்கிவிட வேண்டும். ஆள் சேர்ப்பவர்கள் முதலில் கற்றுக்கொடுப்பது அதைத்தான்.

பேசும்போது கொள்கையைப் பிடித்து வாதாடாதீர்கள். அவன் அதற்குத் தயாராக வந்திருப்பான். தோற்பது நீங்களாக இருக்கும். போனைப் பிடுங்கி உடைப்பதும் உதவாது, அவன் அடுத்த போனில் அதே ஆளிடம் போவான், இந்தமுறை உங்களையும் எதிரியாக வைத்துக்கொண்டு. பக்கத்தில் உட்கார்ந்து 'என்ன பார்க்கிறாய், எனக்கும் காட்டு' என்று கேளுங்கள். பார்த்துவிட்டு உடனே தீர்ப்புச் சொல்லாதீர்கள். அவன் கோபத்துக்குப் பின்னால் வேறொன்று இருக்கும். பள்ளியில் அவமானம், அடி, தனிமை, வீட்டுச் சண்டை. அதற்கு வழி செய்தால் பாதிக் காற்று இறங்கும். அவன் மதிக்கும் ஒருவரை உள்ளே கொண்டுவாருங்கள்: தாய்மாமனோ, கபடி பயிற்சியாளரோ, பழைய வாத்தியாரோ. டென்மார்க்கின் ஆர்ஹுஸ் நகரம் 2007 முதல் செய்துவருவதும் ஏறக்குறைய இதுதான். காவல்துறையும் நகராட்சியும் சேர்ந்து ஒவ்வொரு இளைஞனுக்கும் ஒரு வழிகாட்டியை ஒட்டவைத்து, படிப்பு, வேலை, வீடு என்று ஒவ்வொன்றாகத் திருப்பிக் கட்டுகிறார்கள். நவநாஜிக் குழுக்களிலிருந்து வெளியேற உதவும் எக்சிட் அமைப்பை ஜெர்மனியில் 2000-இல் தொடங்கியவர்கள் ஒரு முன்னாள் காவல் அதிகாரியும் ஒரு முன்னாள் நவநாஜித் தலைவரும். உள்ளே இருந்து வெளியே வந்தவன் சொன்னால் காதில் ஏறுகிறது.

பள்ளி ஆலோசகர், இலவச மனநல உதவி எண் 14416, குழந்தைகள் உதவி எண் 1098, இவை முதல் படி. போலீஸ் எப்போது? ஓர் இடம், ஒரு தேதி, ஓர் ஆயுதம், இந்த மூன்றில் ஒன்று பேச்சில் வந்தால் அல்லது பிரியாவிடை போல எழுதிவைத்தால், பொருட்களை எல்லோருக்கும் கொடுக்கத் தொடங்கினால், யோசிக்காமல் 112. சும்மா மிரட்டத்தான் சொல்கிறான் என்று நீங்களே முடிவுசெய்ய வேண்டாம். தாக்குதலுக்கு முன் யாரிடமாவது வாய்விட்டுச் சொல்லிவிடுவது இவர்களிடம் அடிக்கடி காணப்படும் பழக்கம்.

பள்ளிகளுக்கும் ஒரு சொல். பிரிட்டனில் 2015 முதல் மாணவர்கள் பயங்கரவாதத்துக்குள் இழுக்கப்படாமல் கவனிப்பது பள்ளிகளின் சட்டக் கடமை; ஐயம் வந்தால் ஆசிரியர்கள் தெரிவிக்கிறார்கள். விளைவாக, வகுப்பில் எதையோ கேட்ட பையனெல்லாம் பட்டியலுக்குப் போனான் என்ற புகார் நிற்கவே இல்லை. கேள்வி கேட்கப் பயப்படும் வகுப்பறை, அந்தக் கேள்வியை முகம் தெரியாத 'அண்ணனிடம்' அனுப்பிவைக்கிறது.

கேள்வி: சாகர் கவாச் என்ற கடலோரப் பாதுகாப்பு ஒத்திகை என்று ஆண்டுக்கு இரண்டு தரம் கடலில் நிறுத்திச் சோதிக்கிறார்கள். அட்டை எங்கே, ஆள் யார் என்று. மீன் பிடிக்கப் போகிறவனுக்கும் பயங்கரவாதத்துக்கும் என்ன சம்பந்தம்?
— விசைப்படகு உரிமையாளர், கடலூர் முதுநகர்

பதில்: 1985-இல் அகில்லே லாவ்ரோ என்ற பயணிகள் கப்பலைக் கடத்தினார்கள். அதன் விளைவு 1988 உடன்படிக்கை. 2001-க்குப் பிறகு கப்பல், துறைமுகப் பாதுகாப்புக்கான சர்வதேச விதிகள் வந்து 2004 ஜூலை 1 முதல் நடைமுறையாயின. வேலி, கேமரா, மூன்று எச்சரிக்கை நிலைகள் எல்லாம் உண்டு. ஆனால் சரக்குக் கப்பல்களில் 500 டன் கொள்ளளவும் அதற்கு மேலும் உள்ளவற்றுக்கு மட்டும், அதுவும் பன்னாட்டுப் பயணத்துக்கு மட்டும். மீன்பிடி படகு கணக்கில் இல்லை. 2008 நவம்பரில் மும்பையைத் தாக்கியவர்கள் அந்த இடைவெளியில்தான் புகுந்தார்கள். குஜராத்தின் குபேர் என்ற மீன்பிடி படகைப் பிடித்து, மும்பைக்கு அருகே வந்ததும் படகின் தலைவரைக் கொன்று, ரப்பர் படகில் கரையேறினார்கள். 166 பேர் செத்தார்கள். கரையேறியவர்களைக் கொலாபாவில் முதலில் கண்டு 'யார் நீங்கள்' என்று கேட்டதும் மீனவர்கள்தான். சம்பந்தம் இவ்வளவுதான்: கடலில் எது வழக்கம், எது வழக்கமில்லை என்று உங்களுக்குத் தெரிவது போல ரேடாருக்குத் தெரியாது.

சோதனையில் தகராறு பெரும்பாலும் ஆள் மாற்றத்தில் வருகிறது. விடியற்காலை ஒருவருக்குக் காய்ச்சல், மச்சானை ஏற்றிக்கொண்டு போவது. பட்டியலில் ஒரு பெயர், படகில் வேறு முகம். போகும் முன் பட்டியலை மாற்றிச் சொல்லுங்கள், அடுத்தவர் அட்டையைக் கொடுத்து அனுப்பாதீர்கள். படகுப் பதிவுச் சான்று, உரிமம், ஒவ்வொருவர் அடையாள அட்டை மூன்றையும் தண்ணீர் புகாத பையில் வையுங்கள். மீன் கிடைக்கும் இடம் அடுத்தவனுக்குத் தெரிந்துவிடும் என்று இருப்பிடக் கருவியை அணைப்பவர்கள் உண்டு. படகு கவிழ்ந்தால் தேடி வருபவருக்கும் அது தெரியாமல் போகும்.

சந்தேகப் படகைப் பார்த்தால் நெருங்காதீர்கள். நேரம், ஜிபிஎஸ் அளவு, போகும் திசை, படகின் நிறம், எஞ்சின் எத்தனை, ஆள் எத்தனை, வலை இருக்கிறதா என்று குறித்துக்கொண்டு விஎச்எஃப் ரேடியோவில் 16-ஆம் சேனலில் கூப்பிடுங்கள். போன் எடுக்கும் தூரம் என்றால் கடலோரப் பாதுகாப்புக் குழுமம் 1093, கடலோரக் காவல்படை 1554. வலை இல்லாத மீன்பிடி படகு என்ற ஒரு தகவலே அவர்களுக்குப் பெரிது.

கேள்வி: வெள்ளப் பகுதியில் நிவாரணம் செய்யும் சிறிய அறக்கட்டளை நடத்துகிறோம். பிரான்ஸில் இருக்கும் நம்ம ஊர்க்காரர் ஒருவர் 2 லட்சம் ரூபாய் அனுப்ப விரும்புகிறார். வாங்கலாமா?
— அறங்காவலர், அரியாங்குப்பம்

பதில்: அவர் கையில் எந்தக் கடவுச்சீட்டு என்று முதலில் கேளுங்கள். புதுச்சேரியில் இந்தக் கேள்விக்குத் தனி எடை உண்டு. இந்தியக் குடிமகன் வெளிநாட்டில் சம்பாதித்த தன் சேமிப்பிலிருந்து முறையான வங்கி வழியே தந்தால் அது வெளிநாட்டு நன்கொடை அல்ல. பிரெஞ்சுக் குடிமகன் என்றால், அவர் வில்லியனூரில் பிறந்தவராகவே இருந்தாலும், வெளிநாட்டு நன்கொடைதான். வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப் பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் ஒரு ரூபாயும் வாங்கக்கூடாது. பதிவு இருந்தாலும் பணம் முதலில் டெல்லியில் உள்ள பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளைக் கணக்குக்குத்தான் வர வேண்டும். நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக்கூடாது, இன்னொரு அமைப்புக்குக் கைமாற்றக்கூடாது, ஆண்டுக் கணக்கை டிசம்பர் 31-க்குள் தாக்கல் செய்ய வேண்டும். பணம் வராத ஆண்டிலும் பூஜ்யம் என்று தாக்கல் செய்ய வேண்டும். பலர் பதிவை இழப்பது இங்கேதான்.

பயங்கரவாத நிதித் தடுப்பு இதில் ஒரு காரணம், முழுக் காரணம் அல்ல. நிதி நடவடிக்கைப் பணிக்குழு என்று 1989-இல் ஜி-7 நாடுகள் தொடங்கிய அமைப்பு பாரிஸில் இருக்கிறது. இந்தியா 2010 முதல் உறுப்பினர். அதன் 8-ஆம் பரிந்துரை தொண்டு அமைப்புகளைப் பற்றியது. ஆபத்து எங்கே இருக்கிறதோ அங்கே மட்டும், அளவோடு கட்டுப்படுத்துங்கள், நல்ல தொண்டை நெரிக்காதீர்கள் என்பதுதான் அதன் இன்றைய வாசகம். 2024 செப்டம்பரில் வந்த இந்தியா பற்றிய மதிப்பீடு பெரும்பாலும் பாராட்டாகவே இருந்தது. மூன்று பரிந்துரைகளில் மட்டும் 'ஓரளவே' என்று மதிப்பெண் போட்டார்கள்; இந்த 8-ஆம் பரிந்துரை அதில் ஒன்று. சிறிய அறக்கட்டளைகள் படும் பாட்டைப் பார்த்தால் அந்த மதிப்பெண் நியாயமானதே.

கேள்வி: ஒரு தாக்குதல் வீடியோவின் மேலேயே கண்டனம் எழுதி ஒட்டி வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். அதுவும் தவறா?
— ஆட்டோ ஓட்டுநர், பண்ருட்டி

பதில்: நோக்கம் சரி, ஆனால் வேலை அவர்களுடையது. 2019 மார்ச் 15 அன்று நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச்சில் 51 பேரைக் கொன்றவன் அதை நேரலையில் காட்டினான். நேரலையில் பார்த்தவர்கள் 200 பேருக்கும் குறைவு. அடுத்த 24 மணி நேரத்தில் ஃபேஸ்புக் நீக்கிய பிரதிகள் 15 லட்சம். பரப்பியவர்கள் எல்லோரும் அவன் ஆதரவாளர்கள் இல்லை. இரண்டு மாதம் கழித்து நியூசிலாந்தும் பிரான்ஸும் சேர்ந்து கிறைஸ்ட்சர்ச் அழைப்பைத் தொடங்கின; இந்தியாவும் அதில் சேர்ந்தது.

நிறுவனங்கள் ஒரு வீடியோவிலிருந்து எண் வடிவில் ஒரு கைரேகை போல எடுத்துத் தங்களுக்குள் பகிர்கின்றன. அதே கைரேகை இன்னொரு தளத்தில் ஏறினால் தடுக்கலாம். ஓரத்தை வெட்டினாலோ, மேலே எழுத்து ஒட்டினாலோ கைரேகை மாறிவிடும். கிறைஸ்ட்சர்ச் வீடியோவுக்கு மட்டும் 800-க்கும் மேற்பட்ட வடிவங்கள் கிடைத்தன. நீங்கள் கண்டனம் எழுதி ஒட்டியதும் அப்படி ஒரு புது வடிவம்தான். வந்ததை அனுப்பாமல் புகார் பொத்தானை அழுத்திவிட்டு அழியுங்கள்.

கேள்வி: எங்கள் ஆலையிலிருந்து டிரைஎத்தனாலமைன் ஏற்றுமதி செய்ய இறுதிப் பயன்பாட்டுச் சான்று கேட்கிறார்கள். சிமென்டுக்கும் முகப்பூச்சுக்கும் போகிற பொருள்தானே?
— பணியாளர், சிப்காட், கடலூர்

பதில்: அதேதான். கூடவே வேதி ஆயுத உடன்படிக்கையின் மூன்றாம் அட்டவணையிலும் இருக்கிறது. உறுப்பினர் அல்லாத நாட்டுக்குப் போனால் அந்த நாட்டு அரசின் சான்று கட்டாயம். இஸ்ரேல், எகிப்து, வடகொரியா, தெற்கு சூடான் ஆகியவை உறுப்பினர் அல்ல. ஆயுதக் குழுக்கள் கையில் இத்தகைய பொருள் சிக்கக்கூடாது என்று 2004-இல் 1540-ஆம் தீர்மானமும் எல்லா நாடுகளையும் கட்டுப்படுத்துகிறது. சரக்கு கிளம்பும் முன், ஏற்றுமதிக் கட்டுப்பாடு உள்ள பொருட்களுக்கான ஸ்கோமெட் பட்டியலைப் பாருங்கள். துறைமுகத்தில் நின்ற பிறகு பார்த்தால் வாடகை ஏறும்.

கேள்வி: வெள்ளையர் நகரில் இரண்டு அறை வாடகைக்கு விடுகிறோம். வெளிநாட்டு விருந்தினர் விவரத்தை 24 மணி நேரத்தில் பதிய வேண்டுமாம். ஒரு முறை பிழை என்று திரும்பி வந்தது.
— விடுதி நடத்துபவர், புதுச்சேரி

பதில்: இது பயங்கரவாதத்துக்காகப் பிறந்த விதி அல்ல. 1946-ஆம் ஆண்டு வெளிநாட்டவர் சட்ட காலத்திலிருந்து வருவது, அப்போது புதுச்சேரி பிரெஞ்சு ஊர். 2025 செப்டம்பர் 1 முதல் புதிய சட்டம் வந்தும் கடமை தொடர்கிறது. வேறு நாட்டுக்குப் போய்ப் பயங்கரவாதக் குழுக்களில் சேரும் 'வெளிநாட்டுப் போராளிகளை'ப் பற்றிய ஐ.நா. பாதுகாப்பு அவையின் 2178, 2396 தீர்மானங்களுக்குப் பிறகு பழைய விதிக்குப் புது வேலை கிடைத்தது.

பிழைகள் வழக்கமானவை. ஓ என்ற எழுத்தும் பூஜ்யமும் மாறுவது, குடும்பப் பெயரும் இடுபெயரும் இடம் மாறுவது, விசா எண்ணுக்குப் பதில் கடவுச்சீட்டு எண். அமெரிக்கர்கள் மாதத்தை முன்னால் எழுதுவார்கள். வாயால் சொல்வதைக் கேட்டு நிரப்பாமல் கடவுச்சீட்டின் அடியில் இருக்கும் இரண்டு வரி எழுத்துகளைப் பார்த்து நிரப்புங்கள். அவற்றில் பெயர் வரிசையும் தேதி வரிசையும் எல்லா நாட்டுக்கும் ஒன்றுதான்.

கேள்வி: தொலைந்தது என்று புகார் கொடுத்த கடவுச்சீட்டு பீரோவுக்குப் பின்னால் கிடைத்துவிட்டது. விசாவும் அதில்தான். அதையே எடுத்துக்கொண்டு போகலாமா?
— வாசகர், நெய்வேலி

பதில்: கூடாது. தொலைந்ததாகப் பதிவான கடவுச்சீட்டின் எண், 196 நாடுகள் உறுப்பினராக உள்ள இன்டர்போலின் தரவுத்தளத்துக்குப் போகலாம். 2002-இல் தொடங்கியது அது. திருடிய கடவுச்சீட்டில் பயணம் செய்பவர்களைப் பிடிக்க அதுதான் முதல் கருவி. நீங்கள் உண்மையான உரிமையாளர் என்பது கணினிக்குத் தெரியாது. சென்னையில் தப்பினாலும் இறங்கும் ஊரில் பிடிபடலாம். கிடைத்ததைக் கடவுச்சீட்டு அலுவலகத்தில் ஒப்படைத்து மறுவெளியீட்டுக்கு விண்ணப்பியுங்கள். விசாவை என்ன செய்வது என்று அந்தத் தூதரகத்திடம் கேளுங்கள். பயணச்சீட்டில் பழைய எண் கொடுத்திருந்தால் விமான நிறுவனத்திடம் மாற்றச் சொல்லுங்கள்.